பின்சீட்டில் ஆரோக்கியசெல்வி

சியலோ என்று ஒரு கார் இருந்ததாகச் சொன்னால், இன்றைய பிள்ளைகள் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்கள். வந்த புதிதில் அது பெரிய மனிதர்களின் கார். ஆனாலும் கல்யாண மண்டப வாசலில் பக்கத்தில் ஒரு கான்டெசா வந்து நின்றால் போதும், கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போய்விடும். தேவசகாயத்துக்கு இதில் இன்றுவரை ஆறாத கோபம். சத்தமே இல்லாமல் ஓடும், பின்சீட்டில் காலை நீட்டி உட்காரலாம், ஏசி போட்டால் கத்திரி வெயிலிலும் போர்வை கேட்பார்கள். இத்தனை இருந்தும் ஒருவரும் அதை மதிக்கவில்லையே என்று, தன்னையே மதிக்காமல் விட்டதுபோல டீக்கடையில் புலம்புவார்.

கோட்டக்குப்பத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்த அமானுல்லா பாயின் கருநீல சியலோவை ஓட்டி ஓட்டியேதான் அவருக்குத் தலை நரைத்தது. பாய் போய்ச் சேர்ந்ததும் வண்டி ஷெட்டில் படுத்துவிட்டது. தேவசகாயம் விழுப்புரத்தில் ஆக்டிங் டிரைவர் ஆனார். அதாவது, யாருடைய வண்டிக்கு ஆள் வரவில்லையோ அவருக்கு ஒரு நாள் டிரைவர். இடுப்பு வலி, கண் எரிச்சல், பேர்கூடக் கேட்காமல் "டிரைவர்" என்று கூப்பிடுகிற சின்னப் பையன்கள். அறுபதை நெருங்கும் உடம்பு, காலையில் எழுந்ததுமே எப்போது படுக்கலாம் என்று கேட்கிறது.

இந்த அலுப்புக்கு நடுவில்தான் பாயின் மகன் இலியாஸ் துபாயிலிருந்து போன் செய்தான்.

"அண்ணே, மெட்ராசுல பழைய கார் சேத்து வைக்கிற ஒருத்தருக்கு சியலோவ குடுத்துட்டேன். மெக்கானிக் எல்லாம் ரெடி பண்ணிட்டாரு. விழுப்புரத்துலேர்ந்து வேற வண்டி ஏத்திக்கினு ஒரு லாரி வருது, திண்டிவனத்துல நிக்கும். நீங்கதான் ஓட்டிக்கினு போயி ஏத்தி வுடணும். வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல."

"தம்பி, கூட எங்க வூட்டுக்காரிய ஏத்திக்கினு வரலாங்களா?" என்று கேட்டார் தேவசகாயம். கேட்பதற்குள் வியர்த்துவிட்டது. இலியாஸ் உடனே சரியென்றான்.

பாய் இருந்தபோது கேட்டிருந்தால் அவரே சாவியைக் கையில் கொடுத்திருப்பார். தேவசகாயத்துக்குத்தான் வாய் வரவில்லை. "உன்ன ஒரு நாளு அந்த வண்டில குந்த வச்சி கூட்டிக்கினு போறேன்" என்று கல்யாணமான புதிதில் ஆரோக்கியசெல்விக்குக் கொடுத்த வாக்கு, மகளுக்குக் கல்யாணமாகி அவள் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அப்படியே கிடந்தது. வண்டி லாரியில் ஏறிவிட்டால் அந்த வாக்கும் அதோடு போய்விடும்.

தங்கள் ஊரான கோலியனூரிலிருந்து இருவரும் பஸ் மாறி மாறிக் கோட்டக்குப்பம் வந்து சேர்ந்தார்கள். காலமெல்லாம் கொல்லைக்காட்டு வேலை செய்து தேய்ந்த முழங்காலோடு, மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டும் சேலையில் ஷெட் முன்னால் நின்றாள் ஆரோக்கியசெல்வி.

"நா முன்னாடியே குந்திக்கிறேன்யா, ஒம் பக்கத்துல."

"சும்மா இரு. இன்னிக்கி நீதான் முதலாளி" என்று இடது பக்கத்துப் பின்கதவைத் திறந்தார். அது பாய் உட்காரும் இடம். அவள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். முந்தானை கதவில் மாட்டாமல் எடுத்து உள்ளே போட்டு, சத்தம் வராமல் சாத்தினார்.

திண்டிவனத்துக்குக் கிளியனூர் வழி குறுக்கு. அவளுக்குக் கடல் பிடிக்கும் என்பதற்காக மரக்காணம் வழியாகச் சுற்றினார். ஸ்டியரிங்கைத் தொட்டதும் இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பள்ளம் மேடு தெரியாமல், பிரேக் போட்டால் தலை ஆடாமல், பாயை எப்படிக் கொண்டுபோவாரோ அதைவிடப் பதமாக ஓட்டினார். பின்னால் ஆள் இருந்தால் அவர்கள் பேசினால்தான் டிரைவர் பேச வேண்டும், கண்ணாடியில் ரோடு தெரியலாம், முகம் தெரியக் கூடாது என்பது பாய் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது. ஒருமுறை பின்னாலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்தார். உப்பளத்தில் உப்பு குவித்திருந்த இடத்தில் வண்டியை மெதுவாக விட்டார். அவள் பார்த்திருப்பாள் என்று மனசு நிறைந்துபோயிற்று.

திண்டிவனத்தில் லாரிக்காரர்கள் ஜல்தி ஜல்தி என்று பறந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு, "நல்லா இருந்திச்சா?" என்று கேட்டார். "ம்" என்றாள். துக்க வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி இருந்தது முகம். சியலோவைப் பலகை வழியாக லாரியில் ஏற்றி, பானெட்டைத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டு கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டிய பிறகு அவள்தான் ஆரம்பித்தாள்.

"எம்மேல கோவமாய்யா?"

"கோவமா? எதுக்கு?"

"வண்டில ஏறுனதுலேர்ந்து ஒரு வார்த்த பேசலியே. வண்டி போவுதேன்னு பேஜாருல கீறியோன்னு நானும் வாய மூடிக்கினு வந்தேன்."

"நீதான் ஒண்ணும் பேசல. பின்னாடி இருக்கறவங்க பேசினாத்தான நாங்க..." என்றவர் பாதியில் நிறுத்தினார். செய்தது என்னவென்று அப்போதுதான் உறைத்தது.

"கோலியனூர் ரோட்டுல ஒருக்கா கொல்லையில புடுங்குன மல்லாட்டை மூட்டையோட நின்னுக்கினு இருந்தேன். இந்த வண்டிதான் போச்சி. நீ திரும்பிக்கூட பாக்கல."

"ஒனக்காவத்தான் லைட்டு போட்டனே, பாக்கலியா? பின்னாடி முதலாளி இருந்தாரு, செல்வி."

"லைட்ட பாத்தேன். அன்னிக்கி முதலாளி இருந்தாரு, சரி. இன்னிக்கி பின்னாடி யாருய்யா இருந்தா?"

தேவசகாயத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. வண்டி போய்விட்டது, இனி ஒரு தடவை கிடையாது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மரக்காணத்துல உப்பு குமிச்சி வச்சிருந்தாங்க பாரு..." என்று ஆரம்பித்தார். ஆரோக்கியசெல்வி அவர் தோளில் சாய்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள். விழுப்புரம் வருவதற்குள் அசதியில் தூங்கிப்போனாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை.