மைனஸ் பதினொண்ணு

இது கட்டுக்கதை இல்ல. நடந்தது. தொண்ணூத்திரண்டு பங்குனி, அம்மன் கோயில் பொங்கல் செவ்வாய்க்கிழமை. நான் மைக்செட்டு வாடகைக்கு விட்டுக்கிட்டிருந்தவன். படிப்பு அஞ்சாப்பு. பேயும் கிடையாது, பிசாசும் கிடையாதுன்னு சொல்லித் திரிஞ்சவன். பெத்த மகனையே நம்பி என் ஒயரைத் தொட விடமாட்டேன். அப்பேர்ப்பட்டவன் சொல்றேன். நம்புறவன் நம்பு. நம்பாதவன் பக்கத்தைத் திருப்பிக்கிட்டுப் போ.

ரெட்டியபட்டிக்குத் தெக்க ஒரு ஊரு. பேரு வேண்டாம், ஆளுக இன்னும் இருக்காக. அந்த ஊர்ப் பையன் நல்லமுத்து. அருப்புக்கோட்டையில ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவுல கீபோர்டு வாசிச்சான். சொந்த ஊர் மேடையில அவன் ஏறப்போறது அன்னைக்குத்தான் முதத்தடவை.

அந்த ஊர்ப் பொங்கலுக்கு மாயக்காள்தான் குலவையை எடுத்துக் கொடுக்கும். அது நாக்கைச் சுழட்டி ஆரம்பிச்சா மத்த பொம்பளைக பின்னாடியே சேருவாக. எம்புட்டுக் கூட்டத்துலயும் அது குரல் மட்டும் ஒரு மயிரிழை கீழ நிக்கும். அந்தக் குலவைக்கு அதுதான் அழகு. தை மாசம் அது புருசன் செத்துப்போனான். தாலி அறுத்தவ குலவை போடக்கூடாதுன்னு பெரியவுக சொல்லிட்டாக. மாயக்காவை ஒதுக்குனா நாங்களும் வாயைத் திறக்கமாட்டோம்னு மத்த பொம்பளைக மொறச்சுக்கிட்டாக.

விழாக் கமிட்டித் தலைவர் சின்னத்துரை நேரா நல்லமுத்துக்கிட்ட வந்தாரு.

"ஏலே, உன் ஜப்பான் பெட்டியில எல்லாச் சத்தமும் வரும்னு பீத்துவியே. குலவை வருமா?"

"வரும் மாமா."

"சாயந்தரம் ஆறு மணிக்கு மூணு குலவை கேக்கணும். கேக்கல... இந்த ஊர்ல மேடைன்னு ஏறிராத."

விசயம் தெரிஞ்சு மாயக்காள் காலையிலேயே அவனைத் தேடி வந்திருக்கு. "தம்பி, மேடைக்குப் பின்னாடி மறைவா நின்னு நானே போடுறேன். ஒரு மைக்கு மட்டும் குடுய்யா. யாருக்கும் தெரியாது."

இவன் சிரிச்சிருக்கான். "அதுக்குத்தான் மெஷினு இருக்கேக்கா. நீ போயிச் செவனேன்னு உக்காரு."

அது காரியாபட்டியில இருக்குற தங்கச்சி வீட்டுக்கு எட்டு மணி பஸ்ஸு ஏறிருச்சு.

மத்தியானம் பன்னெண்டு இருபது. நல்லமுத்து கீபோர்டைத் தூக்கிக்கிட்டுப் பஞ்சாயத்து டிவி ரூமுக்குள்ள போனான். கதவைச் சாத்துனான். வெளிய உச்சி வெயில் தீயா எரியுது. கருவேலங்காட்டுல ஒரு காக்கா கூடக் கத்தல. ஃபேன் சுவிச்சைப் போட்டான். சுத்தல. ரிப்பேரு போலன்னு விட்டுட்டான். கீபோர்டு ப்ளக்கைச் சொருகினான். சின்னத் திரையில பச்சை எழுத்து வந்துச்சு. ஹெட்போனை மாட்டிக்கிட்டான்.

அந்த மெஷினுக்குள்ள சத்தம் பொறக்குற இடம் ரெண்டு. ஆசிலேட்டர்னு சொல்லுவான். ரெண்டுக்கும் ஒரே சுருதி வச்சா ஒத்தப் பொம்பளை குரல் மாதிரி கேக்கும். ரெண்டாவதோட சுருதியைத் துளி தள்ளிவச்சா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி அலையடிக்கும். கூட்டமா நின்னு போடுற மாதிரி ஆயிரும். எம்புட்டுத் தள்ளணுங்கிறதை நம்பரைக் கூட்டிக் குறைச்சு வைக்கணும்.

முதலாவது சைபர். ரெண்டாவது பிளஸ் எட்டு. கட்டையை அமுக்கிப் பாத்தான். குலவை மாதிரிதான் இருந்துச்சு. உயிர்தான் இல்ல.

பன்னெண்டு முப்பத்தஞ்சு. ஒரு பீடியைப் பத்தவச்சுட்டுத் திரும்புனான்.

ரெண்டாவது... மைனஸ் பதினொண்ணு.

கை பட்டிருக்கும்னு மறுபடியும் பிளஸ் எட்டு வச்சான். அமுக்குனான். லுலுலுலு... பாதியிலேயே சுருதி சரசரன்னு கீழ இறங்குச்சு. திரையைப் பாத்தான்.

மைனஸ் பதினொண்ணு.

பீடி அணைஞ்சு போச்சு. ரெண்டையும் சைபர்ல வச்சான். இப்ப ஒத்தக் குரலாத்தான் கேக்கணும்.

ரெண்டு குரல் கேட்டுச்சு.

ரெண்டாவதை முழுசா அணைச்சான்.

அப்பவும் ரெண்டு குரல். ஒண்ணு மெஷினு. இன்னொண்ணு... ஒரு மயிரிழை கீழ.

கட்டையில இருந்து கையை எடுத்தான். மெஷினு நின்னுச்சு.

மத்தது நிக்கல.

ஹெட்போனைக் கழட்டுனான்.

லுலுலுலு...

முதுகுக்குப் பின்னாடி.

நடுவுல ஒரு தடவை மூச்சு வாங்குச்சு. மெஷினுக்கு ஏது மூச்சு?

"அக்கா..."

நின்னுருச்சு.

மணி பன்னெண்டு அம்பது. மெல்லத் திரும்பிப் பாத்தான். யாருமில்ல. சாத்துன கதவு சாத்துனபடி. திரையில மட்டும் மைனஸ் பதினொண்ணு. அதுக்கு மேல அந்த நம்பரைத் தொட அவனுக்குக் கை வரல. அப்படியே பதிஞ்சுக்கிட்டு ஓடியாந்துட்டான்.

அருப்புக்கோட்டையில ஜெனரேட்டரை ஏத்திக்கிட்டு நான் நாலரைக்குத் திரும்பி வந்தேன். மேடைக்குக் கரண்டு அதுலதான். நல்லமுத்து மூஞ்சி வெளுத்துக் கெடந்துச்சு. என்னடான்னேன். ஒண்ணுமில்லண்ணேன்னான்.

ஆறு மணி. பொங்கல் பொங்குச்சு. பொம்பளைக வாயை இறுக்கிக்கிட்டு உக்காந்திருக்காக. சின்னத்துரை கையைக் காட்டுனாரு. நல்லமுத்து கட்டையை அமுக்குனான். முதக் குலவை போச்சு. ரெண்டாவது போகும்போது பிச்சையம்மாள்னு ஒரு பொம்பளை சடார்னு எந்திரிச்சா.

"அடியே... இது மாயக்கா குலவைல்ல!"

மூணாவதையும் அந்தக் குரல்தான் எடுத்துக் கொடுத்துச்சு, மொத்தப் பொம்பளைகளும் பின்னாடியே சேர்ந்து போட்டாக. கண்ணுல தண்ணியோட போட்டாக. ஊரே அதிர்ந்துச்சு. சின்னத்துரை துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டாரு.

நான் மேடையோரம் நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நல்லமுத்து ரெண்டு தடவைதான் அமுக்குனான். மூணாவதுக்கு அவன் ரெண்டு கையும் மடியில இருந்துச்சு.

ஏழு நாப்பதுக்குக் காரியாபட்டியில இருந்து ஆள் வந்துச்சு. தங்கச்சி வீட்டுல உக்காந்தமானிக்கே மாயக்காள் உயிர் போயிருச்சாம். மத்தியானம் பன்னெண்டு பத்துக்கு.

அதைக் கேட்டதுக்கப்புறம்தான் நல்லமுத்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொன்னான். நான் நம்பல.

"எங்க வச்சுடா?"

"டிவி ரூம்லண்ணே. ப்ளக்கைச் சொருகித்தான்."

அந்த மெஷினுக்குப் பேட்டரி கிடையாது. எனக்குத் தெரியும்.

அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு, ஜெனரேட்டர் எடுக்க அருப்புக்கோட்டைக்குக் கிளம்பும்போது, பிள்ளைக என் சீரியல் லைட்டு ஒயரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சுக. அதுக்குக் கரண்டு டிவி ரூம்ல இருந்துதான் எடுத்திருந்தேன். எவனையும் நம்பமாட்டேன்ல. டிவி ரூம் ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிட்டுத்தான் போனேன்.

இப்பச் சட்டைப் பையில கையை விட்டேன்.

அங்கதான் இருந்துச்சு.