மெருகு போட்ட கழுத்துமாலை

எங்கள் குடியிருப்பின் கீழ்வீட்டுக்காரரை எல்லாரும் 'பளபளா' என்றே அழைப்போம். கவரிங் நகைப் பட்டறையில் மெருகு போடுவது அவருடைய வேலை. சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் நகைகளை அழுத்திப் பிடித்தே அவருடைய விரல்நுனிகள் வழவழத்துப் போயிருந்தன. வீட்டிலும் கை சும்மா இராது. தாழ்ப்பாள், கரண்டி, அண்டை வீட்டாரின் சாவிக்கொத்து என எது மங்கியிருந்தாலும் தேய்த்துவிடுவார்.

"அப்பா, நான் அசந்து தூங்கினா என் மூக்கையும் தேய்ச்சு மினுக்கிடுவீங்க" என்று அவருடைய ஒரே மகள் கேலி செய்வாள்.

"உன் மூக்குக்கு எங்க பட்டறைச் சக்கரம் பத்தாதுடி, மூஞ்சூறு" என்பார் அவர்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டே அந்தப் பெண்ணைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று.

மருத்துவமனையில் கழற்றிக் கொடுத்த கழுத்துமாலையையும் ஜிமிக்கிகளையும் தாய் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். எல்லாம் கவரிங்தான். ஆனால், மாலையின் கொக்கியில் மகளின் தலைமுடி ஒன்று சிக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எனக்கு மட்டும் காட்டினாள்.

"இதாவது என்கிட்ட இருக்குக்கா."

முடிச்சை அவிழ்த்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த முடி பறந்துவிடுமோ என்ற அச்சம் அவளுக்கு. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டால் நாள்தோறும் பார்க்கலாம் என்று எண்ணி, கணவரிடம் கொடுத்தாள். "அப்படியே வெச்சு அடைச்சுடுங்க" என்றாள். முடியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால் அழுகை முந்திக்கொள்ளும் என்பதால், அதைச் சொல்லவில்லை.

ஆழமான மரச்சட்டம், நீல வெல்வெட்டு, கண்ணுக்குத் தெரியாத கம்பித் தையல் என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். சுவரில் மாட்டியபோது நானும் அங்கிருந்தேன். நகைகள் கண்ணைப் பறித்தன.

"பாரு, புதுசு மாதிரி இருக்கு."

அவள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கொக்கியைத் தேடினாள்.

"இதுல அவ முடி இருந்துச்சேங்க!"

"முடியா?" அவருடைய கை சட்டத்திலேயே நின்றுவிட்டது. "மங்கிக் கிடந்துச்சேன்னு மெருகு போட்டேன்மா. புள்ளைக்கு வேற என்னத்தைச் செய்வேன் நான்?"

"அப்படியேன்னுதானே சொன்னேன்..."

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் பட்டறைக்கு ஓடினார். சக்கரத்தின் அடியில் குவிந்திருந்த தூசியையும் பஞ்சுப் பிசிறையும் தரையில் கொட்டி, மாலைவரை துழாவினாராம். திரும்பி வந்தபோது முகமெல்லாம் கரி. உள்ளங்கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"இதாத்தான் இருக்கும். நீ பாரேன்."

கறுத்த இழை ஒன்று. அவள் அதை இரு விரல்களுக்கிடையே மெல்ல உருட்டினாள். மெருகுக்கரி ஏறிய பஞ்சுநூல் என்பது எட்ட நின்ற எனக்கே தெரிந்தது.

"ஆமாங்க, அவளோடதுதான்" என்றாள்.

அவர் சட்டத்தைத் திறந்து கொடுத்தார். அவள் அதைக் கொக்கியில் சுற்றினாள். வாழ்நாளெல்லாம் பஞ்சைத் தொட்ட அவருடைய விரல்கள் நூலையும் முடியையும் அறியாதவையா? அதை நான் இருவரிடமும் கேட்டதில்லை.

"மூஞ்சியைக் கழுவிட்டு வாங்க" என்றாள் அவள்.

குழாயைத் திறந்துவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். நெடுநேரமாகியும் முகத்தில் தண்ணீர் படவில்லை.