பூக்குழியில் கால் சுட்டவனுக்கு வந்த பயம்

ஈப்போவில், சிலிபின் சிக்னலில் லோரியை நிறுத்தியிருந்தேன். பச்சை விழுந்தது, கால் நகரவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது, விரல்கள் மரத்துப்போயின, மூச்சு தொண்டையிலேயே நின்றுவிட்டது. பின்னால் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

சாகவில்லை. மருத்துவமனையில் இ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். கோடு ஒழுங்காக இருந்தது. பேனிக் அட்டாக் (ஆபத்து ஒன்றும் இல்லாதபோதே உடம்பை உலுக்கிவிடும் பயம்) என்றார் டாக்டர். எனக்கு ஆத்திரம் வந்தது. மலைப்பாதையில் லோரி இறக்குகிறவனுக்குப் பயமாம்!

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டாக்டரிடம் சொல்லவில்லை.

நான் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனைக் காடு. பால்மரமும் இல்லை, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயமும் இல்லை. மாரியாத்தா மட்டும் அங்கேயே இருக்கிறாள். வருஷத் திருவிழாவுக்கு ஈப்போவிலிருந்து நாங்கள் எல்லாரும் போய்விடுவோம். நான் விரதமிருந்து பூக்குழி இறங்குவேன். அந்த வருஷமும் விரதத்தில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் நெருப்பைத் தாண்டிக் கரையேறியபோது இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருந்தன.

எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். கால் சுட்டால் விரதம் சுத்தமில்லை. என் மனைவி பார்வதியின் அண்ணன் லெட்சுமணன் கோயில் கமிட்டிக்காரர். அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: “ஆத்தா ஆளு பாத்துத்தான் சுடுவா, மச்சான். உள்ளுக்குள்ள என்னமோ அழுக்கு இருக்குலா.”

லெட்சுமணன் தன் ஆயுளில் பூக்குழி இறங்கியதில்லை. கரையில் நின்று மைக் பிடிப்பதுதான் அவர் பக்தி. அந்த மனுஷன் சொன்னதை நான் ஆத்தா வாக்காக எடுத்துக்கொண்டேன் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

சாமி ரூமுக்குள் போவதை நிறுத்தினேன். திருநீறு தொடவில்லை. ‘ஆத்தா உன்னைத் தள்ளிவிட்டாள். உன் கை பட்டது எல்லாம் கெடும்.’ இந்த எண்ணம் தோட்டத்துக் கங்காணி போல, நான் கண் விழிக்கும்போதே தலைமாட்டில் நின்று அதட்டும். சிக்னலில் என்னைப் பிடித்ததும் அதுதான்.

அந்த நேரம் பார்த்து மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணவறையில் தாரை வார்த்து அவளைக் கொடுக்கவேண்டிய கை என் கை. “தம்பி செய்யட்டும்,” என்று சொல்லிவிட்டேன்.

கவிதா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். “அப்பா உயிரோட இருக்கும்போது நான் ஏன் சித்தப்பா கையால போகணும்? நீங்க செய்யலேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்.”

அவளுக்காகத்தான் மனநலக் கிளினிக்குக்குப் போனேன், எனக்காக இல்லை. செய்தி பரவியது. “தஞ்சோங் ரம்புத்தான்ல கட்டில் காலியா இருக்காம்லா,” என்று கோப்பிக்கடையில் சிரித்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் அது. இதே வாய்கள்தான் முன்பு எனக்கு வைத்தியம் சொன்னவை. ஒருவர் எலுமிச்சம்பழம் அறுக்கிற ஆளிடம் கூட்டிப்போனார். அந்த ஆள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் செய்வினை என்றார். இன்னொருவர் தினமும் காலையில் ‘தைரியமாக இரு’ என்று ரோஜாப்பூப் படம் அனுப்பினார். ரோஜாப்பூவால் பயம் போகுமென்றால் ரோஜா விளைகிற கேமரன் மலையில் ஒருத்தருக்கும் நோயே இருக்காது.

கிளினிக்கில் என்னைப் பார்த்தது நூர்ஜஹான் என்ற பெண். தமிழ் முஸ்லிம், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். சி.பி.டி. (நம் எண்ணத்தையும் அதை நம்பி நாம் நடந்துகொள்வதையும் சோதித்துப் பார்த்து மாற்றும் பேச்சுச் சிகிச்சை) செய்யலாம் என்றாள். இளக்காரமாகத்தான் உட்கார்ந்தேன். எழுத்து வேலை வேண்டாம் என்றேன். “சரி அங்கிள், வாயாலயே பேசலாம்,” என்றாள்.

“உங்க சாமியப் பத்தி நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் அங்கிள். அந்த எண்ணத்தப் பத்தி மட்டும் கேக்குறேன். கால் சுட்டவங்க எல்லாருமே விரதம் கெட்டவங்களா?”

“அப்படித்தாம்மா சொல்வாங்க.”

“அப்ப சுடாதவங்க எல்லாரும் சுத்தமா இருந்தவங்க?”

லெட்சுமணனின் மருமகன் ஞாபகத்துக்கு வந்தான். விரத வாரத்தில் அவன் பீர் குடித்ததை நானே பார்த்தேன். பூக்குழி இறங்கியும் அவன் கால் பூப்போல இருந்தது.

“நெருப்புல நடக்கும்போது என்ன ஆச்சு?”

“முன்னால போனவருக்கு நடுவுல அருள் வந்து ஆட ஆரம்பிச்சிட்டாரு. நான் அவரு பின்னாலயே நின்னேன்.”

“நெருப்பு மேல நின்னா?”

“சுடும்லா!”

சொல்லிவிட்டு நானே சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை.

ஆனால் ஒரு சிரிப்பில் போகிற நோய் இல்லை இது. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அடுத்தது சோதனை. நான் விளக்கேற்றினால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒரு வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகும் என்றேன். “ஏத்துங்க. என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க.”

சாமி ரூமுக்குள் போய் ஏற்றினேன். அந்த வாரமே பார்வதி பாசாரில் வழுக்கி விழுந்து கணுக்கால் வீங்கி வந்தாள். எண்ணத்துக்குக் கொண்டாட்டம். ‘பார்த்தாயா? சொன்னேனே!’ நான் அவள் காலடியில் உட்கார்ந்து, என்னால்தான் என்று அழுதேன்.

பார்வதி என்னை மேலும் கீழும் பார்த்தாள். “சிலிப்பர் தேஞ்சு போச்சு, வேற வாங்கித் தாங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? மீன்கடைத் தரையில வழுக்காம வேற என்ன செய்யும்? வாங்கித் தராம இப்ப ஆத்தா மேல பழியப் போடுறீங்களா? எந்திரிங்க. ஐஸ் கொண்டாங்க.”

இதை நூர்ஜஹானிடம் சொன்னேன். “ஆண்ட்டிக்கு என் வேலையக் குடுத்துறலாம் போல,” என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: “ஆத்தா உங்களத் தள்ளிட்டாங்கன்னு சொன்னது யாரு அங்கிள்? ஆத்தாவா?”

வீடு வரும்வரை அந்தக் கேள்வியோடு ஓட்டினேன். ஆத்தா ஒரு நாளும் அப்படிச் சொல்லவில்லை. என் மனசுக்குள் அவள் இருக்கவேண்டிய இடத்தில் லெட்சுமணன் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். இத்தனை காலம் நான் பயந்து கும்பிட்டது அவரைத்தான். த்தூ என்று துப்பவேண்டும்போல இருந்தது. அன்று திருநீறு பூசிக்கொண்டேன்.

கல்யாண நாளில் எண்ணம் வந்தது. வராது என்று நினைத்தவன் முட்டாள். மணவறையில் பார்வதி செம்பைச் சாய்த்துத் தண்ணீர் விட்டாள். என் கை வெளியே தெரியும்படி நடுங்கியது. தண்ணீர் கவிதாவின் பட்டுச்சேலையில் சிந்தியது. ‘கெடும், கெடும்’ என்றது கங்காணி. கத்தட்டும் என்று விட்டேன். கையை எடுக்கவில்லை.

லெட்சுமணன் முன்னால் வந்து குனிந்தார். “கை ஆடுது பாருங்க மச்சான். தம்பிகிட்டக் குடுத்திருக்கலாம்லா.”

“தள்ளி நில்லுங்க மச்சான். போட்டோவ மறைக்கிறீங்க.”

கவிதா தலை குனிந்தபடியே சிரித்தாள். அவள் கை என் கையிலிருந்து மாப்பிள்ளை கைக்குப் போனது. என் கையால்தான் போனது.

இதே பயத்தோடு இதை வாசிக்கிறவர்களே, முழுதும் குணமாகிவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். நெஞ்சு இன்னமும் சில நாள் அடித்துக்கொள்ளும். முன்பு அதை மேலிடத்துச் சம்மன் என்று நினைத்தேன். இப்போது அது வயசான இன்ஜின், மேடு ஏறும்போது சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். ஓரமாக நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி ஓட்டுகிறேன்.

காலமும் மாறிவிட்டது. முன்பு எனக்கு ஒவ்வொரு நாளும் தண்டனைக்கு முந்தின நாளாகவே இருந்தது. இன்று செவ்வாய்க்கிழமை. மழை வரும்போல இருக்கிறது, பார்வதி துணி எடுக்கக் கூப்பிடுகிறாள். செவ்வாய்க்கிழமை, வெறும் செவ்வாய்க்கிழமையாகவே இருக்கிறது.