ஒயில் விழுந்த காலைகள்

‘மார்ச் 5, புதன். காலை 6.10. கார் நிற்கும் போட்டிக்கோ நிலத்தில் ஒரு துளி. இரண்டு ரூபாய் நாணயக் குற்றி அளவு. கறுப்பு. மணந்து பார்த்தேன்: எஞ்சின் ஒயில். நேற்று ஆஸ்பத்திரி ஓட்டம்.’

காரைப் பற்றி என் குறிப்புப் புத்தகத்தில் உள்ள முதல் பதிவு இது. அதற்குக் கீழே இப்படி இருக்கிறது: ‘மார்ச் 6, வியாழன். ஒன்றும் இல்லை. மார்ச் 7, வெள்ளி. ஒன்றும் இல்லை. மார்ச் 8, சனி. இரண்டு துளி. நேற்று ஆஸ்பத்திரி ஓட்டம்.’

பழைய நாட்குறிப்புகளை விரும்பி வாசிப்பவன் நான். அவற்றில் எனக்குள்ள ஒரே மனக்குறை, எழுதியவர்கள் நடந்ததை மட்டும் எழுதி, ஒன்றும் நடக்காத நாட்களை விட்டுவிட்டார்கள் என்பதுதான். மழை பெய்த நாளை எழுதியவர் பெய்யாத நாளை எழுதவில்லையென்றால், அவர் ஊரில் இல்லையா, மழை இல்லையா என்று எப்படிச் சொல்வது? ஆகவே ஒழுகாத நாட்களையும் எழுதினேன். அது குழப்பத்தைக் குறைக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி ஓட்டம் என்பது அண்ணைக்காக. என்னைவிட எட்டு வயது மூத்தவர்; வட்டுக்கோட்டையில் தனியே இருக்கிறார். சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் யாழ்ப்பாணத்தில் டயலிசிஸ். கோப்பாயிலிருந்து நான் போய் அவரை ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கி, நாலு மணித்தியாலம் இருந்து, திரும்பக் கொண்டுபோய் வீட்டில் விடுவேன். ஒருமுறை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில் பிறஷர் இறங்கி, வாந்தி எடுத்து, என் மடியில் சரிந்துவிட்டார். காரில் என்றால் பின் இருக்கையில் நீட்டி நிமிர்ந்து படுத்து வருவார். ஒயில் வற்றி எஞ்சின் இறுகி, அந்த வெயிலில், வயல்வெளி நடுவே கார் நின்றுவிட்டால் அவரை என்ன செய்வது? மார்ச் மாதம் முழுவதும் எனக்கிருந்த கேள்வி அதுதான்.

பத்தாம் திகதி திங்கட்கிழமை சுன்னாகத்திலுள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கரையோரக் குருநகர் ஆள். கடலுக்குப் போகாமல் எஞ்சினுக்கு வந்தவர். காரை உயர்த்தி, லைற் பிடித்து, கீழே படுத்துப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை.

“ஒழுகேக்கை கொண்டு வாங்கோ ஐயா. ஒழுகாத வாகனத்திலை நான் என்னத்தைப் பிடிக்கிறது?”

“அது எப்ப ஒழுகுது எண்டுதானே தெரியேல்லை.”

“அப்ப ஒரு கிழமை விட்டிட்டுப் போங்கோ. வைச்சுப் பாப்பம்.”

ஒரு கிழமை விடமுடியாது என்று காரணத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். பிறகு எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்துத் தந்து, வீட்டுக்குப் போய் அதன்மேல் பவுடர் தூவிவிடச் சொன்னார். ஒயில் கசிகிற இடத்தில் பவுடர் நனைந்து கறுத்த கோடு விழும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஓட்டை தெரியும்.

வீட்டில் பவுடர் இருந்தது. மனைவி தரவில்லை. இருந்ததே ஒரு டப்பாதான், அதுவும் அவருடையது. சாமியறையில் பெரிய பொதி திருநீறு இருந்தது. உறவினர் ஒருவர் யாத்திரை போய்வந்து தந்தது, நன்றாகக் காய்ந்த மாவு. அதை எடுத்து எஞ்சினின் பக்கங்களிலும் ஒயில் பில்டரைச் சுற்றியும் பூசினேன்.

மனைவி வாசலில் நின்று பார்த்தார். “எஞ்சினுக்குக் குறி போட்டாச்சோ? இனிச் சந்தனமும் வைச்சுவிடுங்கோ. பிறகு நீங்கள் இறங்கி நிண்டு கும்பிட, அது தானா ஓடும்.”

அடுத்த இரண்டு கிழமையும் நான் செய்த முறை இது. எங்கள் போட்டிக்கோ இருட்டு. ஆகவே காலையில் நிலத்தில் விரித்த காட்போர்ட் மட்டையை மட்டும் பார்ப்பேன். எஞ்சினைப் பார்ப்பது அண்ணையின் முற்றத்தில், பின்னேர வெளிச்சத்தில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்து ஆறவிடுவேன். உள்ளே போய்க் கதவு யன்னலைத் திறந்து, விசிறியைப் போட்டு, கட்டிலை விரித்துவிட்டு வருவேன். அதுவரை அண்ணை காருக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டு நிற்பார். வந்தவுடன் படுத்தால் தலை சுற்றுமாம். அவரை உள்ளே விட்டபின் எஞ்சினைப் பார்த்து எழுதுவேன்.

‘மார்ச் 11, செவ்வாய். திருநீறு வெள்ளை. மறுநாள் மட்டையில் ஒன்றும் இல்லை.’ சரி, அன்று ஒழுகவில்லை. ‘மார்ச் 14, வெள்ளி. திருநீறு வெள்ளை. மறுநாள் மட்டையில் ஒரு துளி.’ பதினெட்டாம் திகதியும் அப்படியே. இருபத்தொன்றும் இருபத்தைந்தும் அப்படியே. எஞ்சின் வெள்ளை, நிலம் கறுப்பு.

இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பருத்தித்துறை வரை தூர ஓட்டம் போய்வந்தோம். ஒரு துளிகூட விழவில்லை. அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் வெயிலுக்குள் நிற்பதுதான் காரணமா? பதினெட்டாம் திகதி நிழலில் விட்டேனே, அன்றும் விழுந்ததே. அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் குறைந்துதான் இருந்தது. கோடு கோடாகப் பிரித்து, திகதி, தூரம், வெயில், நிழல், துளி என்று அட்டவணை போட்டேன். பார்க்கப் பார்க்க ஒன்றும் விளங்கவில்லை. எஞ்சினில் கசியாத ஒயில் எப்படி நிலத்தில் விழும்? மெக்கானிக்குக்கு ரெலிபோனில் சொன்னபோது அவர், “ஐயா, நீங்கள் பாக்கிறது எங்கடை காரைத்தானே?” என்று கேட்டார்.

இருபத்தெட்டாம் திகதி வெள்ளிக்கிழமை, அண்ணையின் மருந்துப் பையைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். எடுக்கத் திரும்பி வந்தேன். அண்ணை பொனற்றுக்குள் குனிந்து நின்றார். ஒரு கையில் துவாய். மற்றக் கையில், தனக்குப் பூச அவர் எப்போதும் சட்டைப்பையில் கொண்டு திரியும் சிறு கடதாசிப் பொட்டலமான திருநீற்றுச் சரை. துவாயின் தொங்கல் கறுத்திருந்தது.

“என்ன அண்ணை செய்யிறியள்?”

“நீ பூசினது அழிஞ்சுபோச்சு தம்பி. ஊத்தை பிடிச்சுக் கிடந்தது. துடைச்சுப்போட்டுத் திருப்பிப் பூசுறன்.”

“அழியத்தான் அண்ணை பூசினனான்.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “அழியிறதுக்கு ஆரும் திருநீறு பூசுவினமோ? ஆர் சொன்னது?”

“மெக்கானிக்.”

“அவர் சைவமோ?”

“வேதம். மாதா கோயில் ஆள்.”

“அதுதானே பாத்தன்.”

“அவர் பவுடர் எண்டுதான் சொன்னவர் அண்ணை. திருநீறு என்ரை யோசினை.” ஒயில் எந்த வழியால் கசிகிறதென்று பார்ப்பதற்கு அது என்று விளங்கப்படுத்தினேன். அவர் சரையைக் கவனமாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

“நான், எனக்காகத்தான் பூசினனீ எண்டு நினைச்சிட்டன்,” என்றார். “வழியிலை ஒண்டும் வராமல் இருக்கவேணுமெண்டு.”

அவருக்காகத்தான் பூசினேன், ஆனால் அவர் நினைத்த விதமாக அல்ல. மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அவரை உள்ளே கூட்டிப்போனேன். கட்டிலில் இருந்தபடி, “உது இடையிலை நிண்டுபோகும் எண்டு பயப்பிடுறியோ?” என்று கேட்டார். ஒளிக்க முடியவில்லை. “அப்பச் சொல்லியிருக்கலாமே. நான் ஓட்டோவிலை போவன்.” ஓட்டோவில் போனால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஏப்ரல் முதலாம் திகதி செவ்வாய்க்கிழமை மறுபடியும் செய்தோம். இந்தமுறை மனைவி தன் பவுடரைத் தந்தார். அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பொனற்றைத் தொடாமல் நின்றார். ஒயில் பில்டருக்குப் பக்கத்தில், விரல்நுனி அளவான ஒரு சுவிச்சின் அடியிலிருந்து கறுத்த கோடு ஒன்று இறங்கியிருந்தது. ஒயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கை எரியவைக்கும் சுவிச் அது. மறுநாள் மெக்கானிக் அதைக் கழற்றிப் புதிது போட்டார். சூடேறி, பிறகு கனநேரம் நின்று, மறுபடியும் ஓடும்போது மட்டும் சில சுவிச்சுகள் கசியும், எல்லா நாளும் கசியாது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவருடைய வாயிலிருந்து வந்த மற்ற வசனத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்: “திருநீறு போட்ட எஞ்சினை நான் இண்டைக்குத்தான் கழுவினனான் ஐயா. எங்கடை பாதருக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

அன்றிலிருந்து மட்டையில் துளி இல்லை. ஆஸ்பத்திரி நாட்களின் மறுநாளும் இல்லை.

ஆனால் அட்டவணையை மூடிவைக்க என்னால் முடியவில்லை. எஞ்சின் வெள்ளையாகவும் நிலம் கறுப்பாகவும் இருந்த நாட்கள் நாலு. எத்தனை முறை துடைத்தீர்கள் என்று அண்ணையிடம் கேட்டேன்.

“நீ பிடிச்சதோடை மூண்டு தரம்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. அஞ்சு தரமாய் இருக்கவேணும்.”

“நீ எழுதி வைச்சிருக்கிறாய். நான் எழுதேல்லை. மூண்டு எண்டுதான் ஞாபகம்.”

பிடிபட்ட நாளைக் கழித்தால் இரண்டு. நாலில் இரண்டு போனால், மிச்சம் இரண்டு நாளும் ஒயில் எந்த வழியால் வந்தது? அண்ணை மறந்திருக்கலாம்; டயலிசிஸ் முடிந்த பின்னேரங்களில் அவர் பலதையும் மறக்கிறார். அல்லது இன்னொரு ஓட்டை இருக்கலாம். மெக்கானிக் இரண்டுமுறை தேடிவிட்டு இல்லை என்கிறார். தேடியபோது ஒழுகவில்லை என்பதையும் அவரே சொல்கிறார்.

போன வெள்ளிக்கிழமை, படலையைச் சாத்திக்கொண்டு வந்து காரின் பின்கதவில் கை வைத்தபடி அண்ணை கேட்டார்: “இனி நம்பி ஏறலாமோ?”

ஓம் என்றேன். ஏறிப் படுத்தார். இரண்டு லீற்றர் ஒயில் கான் ஒன்றைப் பின்னுக்கு வைத்திருந்தேன். அதை அவருக்குச் சொல்லவில்லை. மார்ச் 14, 18, 21, 25 ஆகிய நாலு திகதிகளில் எந்த இரண்டில் அவர் எஞ்சினைத் துடைத்தார், மற்ற இரண்டிலும் துடைத்தாரா இல்லையா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.