மாடு இடித்த கரை

மாலக்கி கில்ஹூலியைப் பயந்தவன் என்று ஊரில் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் மேட்டு வயலில் இருந்த கோட்டை வளையத்தில் அவன் மண்வெட்டி வைத்ததே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன் யாரோ குடியிருக்க எழுப்பிய வட்டமான மண்கரை அது; அதைக் கலைத்தவனுக்குக் கேடு வரும் என்பது ஊர் நம்பிக்கை. பாதியை அவன் அப்பா உழுது தள்ளினார். அந்த வருஷமே அவருடைய வலது கை விரல்கள் மடங்கின, சாகும்வரை நிமிரவில்லை. பதினோரு வருஷம் அவருக்கு இறைச்சியை நறுக்கிக் கொடுத்ததும் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டதும் மாலக்கியின் மனைவி அட்ராக்டாதான். அந்தக் கை இன்னொரு தடவை தன் சாப்பாட்டு மேஜைக்கு வரக்கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

மீதிக் கரையும் போனால் டிராக்டர் நேராக ஓடும். மண்வாரி இயந்திரம் வைத்திருக்கும் டின்னியைக் கூப்பிட்டான் மாலக்கி.

"தோள் வலிக்குது மாலக்கி. உன் வீட்டுக்குப் பின்னாடி வேணா நாலு குழி வெட்டித் தரேன். அதுக்கு வலிக்காது."

மாலக்கி வேறு வழி கண்டான். குளிர்காலம் முழுக்க மாட்டுத் தீனித்தொட்டியைக் கரையின் உச்சியில் வைத்தான். முப்பது மாடுகள் மிதித்ததில், மழையோடு கரை கூழாகி இறங்கியது.

"நான் கை வைக்கலையே. எல்லாம் மாடு பண்ணினது."

"மாடுதான் தொட்டியத் தூக்கிட்டுப் போய் அங்க வெச்சுதாக்கும்" என்றாள் அட்ராக்டா. சொன்னாளே தவிர, புல்கட்டுகளை வண்டியில் ஏற்றிவிட்டவளும் அவள்தான்.

கரைமேல் நின்ற முள்மரத்திலிருந்து ஒரு சுள்ளியைக்கூட அங்கே யாரும் ஒடிப்பதில்லை. வேர் வெளியே தெரிய நின்ற அது, ஏப்ரலில் ஒரு பிற்பகல் சாய்ந்தது. அடியில் ஒரு கன்று. அது கத்துவது சமையலறைவரை கேட்டது.

"டின்னிக்குச் சொல்லி அனுப்புறேன். சங்கிலி கட்டி இழுக்கட்டும்" என்றாள் அட்ராக்டா.

"அவனுக்குத்தான் தோள் வலியாச்சே. கன்னு அதுவரைக்கும் தாங்காது."

"கையுறையாவது போட்டுக்கோ."

போட்டுக்கொண்டான். கன்றின் கால் சிக்கிய இடத்தில் கையுறை வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டு வலது கையை உள்ளே விட்டான். கன்று எழுந்து ஓடி, தாயிடம் முட்டி முட்டிக் குடித்தது.

அவன் கட்டைவிரல் கணுவில் ஒரு கருப்புப் புள்ளி. அட்ராக்டா ஊசியால் கிளறினாள். பாதி முள்தான் வந்தது.

"ஒரு முள்ளுக்கு இவ்வளவு பாடா" என்று சிரித்தான்.

மூன்றாம் நாள் காலை, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே தேநீர்க் கோப்பையை இடது கையால் எடுத்தான். வலது கை மேஜைக்கு அடியில் இருந்தது.

"கைய மேல எடு, பாக்கலாம்."

அவன் எடுக்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, டாக்டரிடம் போகக் கார் சாவியைத் தேடினாள்.

"போலாம், போலாம். மொதல்ல இத நறுக்கிக் குடு" என்று பன்றி இறைச்சித் தட்டை அவள் பக்கம் தள்ளினான் மாலக்கி.