சுண்ணாம்பில் போட்ட வீடு

போன வாரம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சுண்ணாம்பு வாடை மூக்கில் ஏறியதும் நான் நினைவில் பழைய ஆம்பூருக்குப் போய்விட்டேன், கையில் வரைபடச் சுருளும் தலை கொள்ளாத கர்வமுமாக.

அப்போது பம்பாயில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் யாருக்காவது ஒரு வீடு வரைந்து வர வேண்டும். அப்பாவின் முதலாளி, தோல் பதனிடும் சாயபு, "நீ வரைஞ்சது புடிச்சா அதையே கட்றேன் தம்பி" என்றார். மாணவன் வரைந்த வீடு நிஜமாகவே எழும்புவது லேசுப்பட்ட விஷயமா? பம்பாய் நண்பர்கள் நாலு பேருக்கு அன்றைக்கே கடிதம் போட்டுவிட்டேன், ஏதோ கிரகப்பிரவேசமே முடிந்த தோரணையில்.

தெருவைப் பார்த்துத் தூண் வைத்த ஒரே வாசல், ஆண்கள் உட்காரப் பெரிய கூடம், அதைத் தாண்டி உள்வீடு. இடமும் வலமும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். சாயபு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகாத்தான் கீது. உள்ள கேக்கணும்."

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி பேசினார். "காயிதத்துல எனக்கு இன்னா தெரியும்? தரையில போட்டுக் காட்டச் சொல்லுங்க. நடந்து பாத்துச் சொல்றேன்."

தோலுக்குப் போடும் சுண்ணாம்பில் இரண்டு மூட்டை வாங்கி, காலி மனையில் முழு வீட்டையும் கோடாகப் போட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது. மறுநாள் காலையில் ஆண்களை அப்புறப்படுத்தினார்கள். வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு திரை கட்டிய மாட்டுவண்டி பின்சந்துக்குப் போனது. நான் புளியமரத்துக்கு அப்பால் முதுகைக் காட்டி நின்றேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. நிறையவே கேட்டது.

வண்டி போனதும் ஓடினேன். என் அருமை முன்வாசலில் பெண்கள் காலடி ஒன்றுகூட இல்லை. எல்லாத் தடமும் பின்சந்திலிருந்து வந்து, சமையலறைச் சுவரை மிதித்து நுழைந்து, உள்வீட்டைச் சுற்றிவிட்டு அதே சுவர் வழியே திரும்பியிருந்தன. ஆண்கள் உட்காரும் கூடத்தைத் தாண்டிப் பெண்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்று இந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கோடு கலைந்த இடத்தை அளந்தேன். சரியாக மூன்றடி.

"இன்னா தம்பி, பேஜாரா?" என்றார் சாயபு.

"இங்க ஒரு வாசல் வெச்சுட்றேங்க."

"அப்ப கட்டலாம்."

சமச்சீர் கெட்டதென்று பம்பாய் வாத்தியார் மதிப்பெண்ணைக் குறைத்தார். வீடு எழும்பிவிட்டது, அவரை யார் கேட்டார்கள்?

பல வருஷம் கழித்து, அதை இடிப்பதற்குமுன் ஒருமுறை போயிருந்தேன். தூண் வாசற்படி போட்டது போட்டபடி இருந்தது. சந்து வாசற்படி நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. அந்த வீட்டுப் பெண்களில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. அந்தப் படியைத்தான் தெரியும். இப்போது அதுவும் இல்லை.