யோகம் அக்கா தோட்டைக் கழற்றிய நாள்

போன செவ்வாய்க்கிழமை காலை யோகம் அக்காவின் மகள் சுபா தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அம்மாவுக்கு ஏலாமல் போச்சு" என்று தொடங்கினாள். எப்போதும் ஆங்கிலத்தில் கதைக்கும் பிள்ளை. அவள் தமிழில் தொடங்கியதுமே நான் அடுப்பை நிறுத்தினேன். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நான் பயந்த சுபாவம் உள்ளவள். கெட்ட செய்தி வரும், வரும் என்று காத்திருந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். இந்தச் செய்தியை மட்டும் நான் ஒருநாளும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே ஒடாஹுஹுவில் பிளாஸ்டிக் போத்தல் செய்யும் தொழிற்சாலையில் என்னோடு ஒரே மேசையில் நின்று மூடி சரிபார்த்தவர். சனிக்கிழமைகளில் காதில் ஹெட்போனும் கையில் நீளத்தடியுமாகக் கடற்கரையில் பழைய காசு தேடியவர். சான்ட்ரிங்ஹாம் கடைகளில் "புதையல் அக்கா" என்று பட்டம் வைத்ததும் உங்களில் சிலர்தான். அது அவருக்கும் தெரியும். "புதையல் கிடைச்சா உவைக்குப் பங்கில்லை எண்டு சொல்லும்" என்று சிரிப்பார்.

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் அந்த மெஷினை ஹில்ஸ்பரோவில், ஒரு வீட்டில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கினார். நாற்காலி வாங்கப் போன இடம். நானும் கூடப் போயிருந்தேன். வீட்டுக்காரக் கிழவர் புல்லில் ஒரு காசைப் போட்டு, தடியின் நுனியில் இருந்த வட்டத் தட்டை அதன் மேல் ஆட்டிக் காட்டினார். அது கீச்சிட்டது. நான் பின்னால் பாய்ந்துவிட்டேன். ஊரில் மிதிவெடி வந்த பிறகு தார் ரோட்டை விட்டு இறங்காமல் நடந்து பழகியவள் நான். இங்கே வந்தும் புல்லில் கால் வைக்க மாட்டேன். பூங்காவிலும் சீமெந்துப் பாதையால்தான் போவேன். மண்ணுக்குள் இரும்பு இருக்கிறது என்று கத்தும் ஒரு சாமானை யாராவது விரும்பி வாங்குவார்களா? ஏன் வாங்கினீர்கள் என்று பஸ்ஸில் கேட்டேன். "மண்ணுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் கூடாத சாமான் இல்லை எண்டு ஒருக்கா என்ரை கண்ணால பாக்கோணும்" என்றார்.

பார்த்தார். ஆணி, போத்தல் மூடி, சோடா ரின்னின் வளையம், இடையிடையே பெரிய பழைய பென்னிகள். ஒரு பக்கம் அரசரின் தலை, மறுபக்கம் இந்த நாட்டு டூயிப் பறவை. கழுவி ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு வைப்பார். "இதைத் துலைச்ச பிள்ளை அண்டைக்கு வீட்டில நல்லாப் பேச்சு வாங்கியிருக்கும்" என்று, எப்போதோ கிழவியாகிப் போயிருக்கக் கூடிய ஒரு பிள்ளைக்காகக் கவலைப்படுவார். நான் பையைப் பிடித்துக்கொண்டு, அவர் அடி வைத்த இடத்திலேயே அடி வைத்துப் பின்னால் போவேன். தனியாக வீட்டில் இருந்து யோசிப்பதைவிட அது பரவாயில்லை.

யோசிக்க நிறைய இருந்தது. என் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். விண்ணப்பம் சரிவந்தால் அவரைக் கூப்பிடலாம். சரிவராவிட்டால் நான் திரும்பிப் போக வேண்டும். பொலிஸ் கார் ஒன்று ரோட்டில் போனாலே கடைக்குள் புகுந்துவிடுவேன்.

ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, ஹில்ஸ்பரோவுக்குக் கீழே மனுக்காவ் கரையில், கடல் வற்றிக் கிடந்த நேரம். மெஷின் நிறுத்தாமல் கத்தியது. அக்கா குந்தியிருந்து சின்ன அகப்பையால் சேற்றை வழித்தார். துருப்பிடித்த ஒரு வளைவு தெரிந்தது. கூர்ந்த மூக்கும் தெரிந்தது. "வதனி, அசையாதையும்" என்றார். அது ஷெல், பீரங்கிக் குண்டு. எப்போதோ இராணுவத்தினர் பயிற்சிக்குச் சுட்டு வெடிக்காமல் கிடந்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த நேரம் காலடியில் யாழ்ப்பாணம் கிடந்தது போலத்தான் இருந்தது.

கொஞ்சம் தள்ளி ஒரு குடும்பம் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வாளியோடு ஓடித் திரிந்தார்கள்.

"மூடிப்போட்டுப் போவம் அக்கா" என்று கெஞ்சினேன். ஊரில் குண்டைக் கண்டேன் என்று போய்ச் சொன்னவனைத்தான் முதலில் பிடிப்பார்கள். நீ வைக்காமல் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது அக்காவுக்கும் தெரியும். அவர் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தப் பிள்ளையள் நாளைக்கும் வருங்கள்."

பிறகு தோட்டைக் கழற்றினார். காப்பையும் வீட்டுத் திறப்பையும் சேர்த்து என் கையில் வைத்துப் பொத்தினார். ஊரில் இராணுவ முகாமுக்கு விசாரணைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். "இதுகளைச் சுபாட்டைக் குடும். நான் பிள்ளையளைக் கிட்ட வர விடாமல் நிக்கிறன். நீர் மேல டெய்ரிக் கடையடியில போய்ப் பொலிசுக்குப் போன் பண்ணும். பேர் கேட்டா என்ரை பேரைச் சொல்லும். எனக்கு ரெசிடென்சி இருக்கு. பிறகு பஸ் எடுத்து வீட்டை போம். நீர் இஞ்சை வரவுமில்லை, என்னைக் காணவுமில்லை."

மேடு ஏறி ஓடினேன். தொலைபேசியில் ஒரு பெண் மிகவும் அன்பாகப் பெயரைக் கேட்டாள். நான் என் பெயரைச் சொன்னேன். அப்பாவின் பெயர், விலாசம் எல்லாவற்றையும் கேட்காமலே ஒப்பித்தேன். இதைத் துணிவு என்று யாரும் நினைக்க வேண்டாம். இராணுவச் சென்றியில் நின்று பதில் சொல்லிப் பழகிய வாய்; பயம் வந்தால் அதற்குப் பொய் வராது. பஸ் எடுக்கவும் கால் போகவில்லை. திரும்ப அக்காவிடமே இறங்கிப் போனேன்.

பொலிஸ்காரர்கள் வந்தார்கள். நாடா கட்டினார்கள். அந்தக் குடும்பத்தை மேலே அனுப்பினார்கள். "வதனி யார்?" என்று ஒருவர் கேட்டதும் அக்காவின் முகத்தில் இரத்தம் இல்லாமல் போனது. நன்றி சொல்லி, எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அக்கா தோட்டைத் திரும்பப் போட்டார். போடும்போது தோட்டின் சுரை விழுந்து சீற்றுக்குக் கீழே போய்விட்டது. பொலிஸ்காரர் காரை ஓரமாக நிறுத்தி, டோர்ச் அடித்து, முழங்காலில் நின்று தேடினார். மெஷினைப் போட்டால் உடனே அகப்படும் என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

என் வீட்டு வாசலில் எங்களை இறக்கிவிட்டுக் கார் போன பிறகுதான் அக்கா வெடித்தார். "நான் என்ன சொன்னனான், நீர் என்ன செய்தனீர்? இனி உம்மடை மனுசனை ஆர் கூப்பிடுறது?" திட்டிக்கொண்டே படலையைப் பிடித்து அழுதார். குண்டுக்குப் பக்கத்தில் அழாமல் நின்ற மனுசி.

அதற்குப் பிறகு தினமும், பின்னேர ஷிப்டுக்குப் போக முன்னர், அக்கா என் வீட்டுக்கு வந்துவிடுவார். தபால்காரர் வரும் நேரம். நான் கதவைத் திறக்கும்போது தபால் பெட்டியடியில் நின்று கடிதங்களைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒன்றும் இல்லை என்றால் தலையை ஆட்டுவார், பிறகுதான் தேத்தண்ணீர். முடிவு வந்த அன்றும் உறையைப் பிரித்தது அவர்தான். சம்மதம் என்று வாசித்துவிட்டு அங்கேயே படியில் இருந்துவிட்டார். அந்த ஷெல்லைப் பற்றி ஒருவரும் எதுவும் கேட்கவே இல்லை. கணவர் வந்த பிறகும் அக்கா பெட்டியடியில் நிற்பதை விடவில்லை. இனி என்ன பயம் என்று கேட்டேன். "கூடாத கடிதம் ஏதும் வந்தா முதல் நான் பாக்கோணும்" என்றார்.

செத்தவீட்டில் எல்லோரும் அக்காவைத் துணிந்தவர் என்று சொன்னீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அவர் என்னைப் போலவே பயந்தவர். எனக்காகவும் சேர்த்துப் பயந்தவர். மெஷினையும் காசுகளையும் எடுக்கச் சொன்னாள் சுபா, வேண்டாம் என்றேன். அந்த மாதங்களில் நான் தனியாகப் பயப்படவில்லை. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.

நேற்றுத் தபால்காரர் வந்து போன சத்தம் கேட்டது. பெட்டியடியில் இனி யாரும் இல்லை என்பதைப் பார்க்கப் பயமாக இருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை.